உள்சூடு

மலாக்காவில் ஒருத்திக்குக் குளிருகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? காஜா பேராங் சாலையில் அந்தக் காலத்தில் வெயில் ஏறிவிட்டால் தார் இளகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் சாலையில்தான் என் தம்பி பெண்டாட்டி பூங்காவனம், இரண்டு சாரோங்கை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, கெபாயா என்ற நீள ரவிக்கைக்கு மேலே என் தம்பி கல்யாணப் போட்டோவுக்காகத் தைத்த கோட்டைப் போட்டு, காதைத் துண்டால் இறுக்கிக்கொண்டு பசாருக்குக் காய்கறி வாங்கப் போனாள். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் ருக்மணி. அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமில் ரயில்பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. மறு வருடமே அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது நானும் என் தம்பி சேதுராமனும். மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கொடுத்து அவனை ஆளாக்கினேன். தம்பிக்காகத்தான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் என்னைக் கேட்டு யாரும் வரவில்லை.

சேது படித்து ஒரு ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியானான். வெள்ளைச் சட்டையும் சைக்கிளுமாக அவன் வேலைக்குப் போவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும். வீட்டில் என்ன சமைப்பது, யார் வரலாம், யார் வரக்கூடாது, எல்லாம் நான் சொன்னபடிதான். அப்படி இருந்த வீட்டுக்குள் ஒரு நாள் பூங்காவனத்தைக் கட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு எட்டு நடந்தால் செட்டிக் கம்பம், அவள் பிறந்து வளர்ந்த குடியிருப்பு. செட்டி என்றதும் வட்டிக்கடைச் செட்டியாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் பல நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வியாபாரத்துக்கு வந்து, இங்கத்துப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர்களின் வழி. கும்பிடுவது நம் சாமி, வைப்பது நம் பெயர், பூசுவது நம் திருநீறு. ஆனால் வாயைத் திறந்தால் மலாய். கட்டுவது சாரோங். பூங்காவனத்துக்குத் தமிழில் மொத்தம் ஐம்பது வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். அந்த ஐம்பதையும் சேது சொல்லிக்கொடுத்திருந்தான். எனக்கு அவளை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதால் இன்னும் பிடிக்காமல் போயிற்று.

ஐம்பத்தாறு பிப்ரவரியில் அவளுக்குப் பிரசவம். அன்றைக்குத்தான் பண்டா ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியைச் சொல்லப்போகிறார்கள் என்று ஊரே அங்கே ஓடியது. சேதுவும் ஓடினான். வீட்டில் நான், மருத்துவச்சி, பூங்காவனத்தின் அம்மா மூன்று பேர். பெண் குழந்தை பிறந்தது. குழந்தை வந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. பாய் நனைந்தது, இரண்டு சாரோங் நனைந்தது, பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழே சொட்டியது. மருத்துவச்சி பயந்துபோய் எதையெதையோ வைத்து அழுத்தினாள். மூச்சு நின்றது என்றே நினைத்தோம். சாயங்காலம் கண்ணைத் திறந்து, முதல் வார்த்தையாக அவள் அம்மாவிடம் சொன்னாள்: "செஜுக், மாக்."

செஜுக் என்றால் குளிர். மாக் என்றால் அம்மா. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்காத நாள் இல்லை.

சம்பந்தியம்மா தன் வீட்டிலிருந்து ஒரு கல்லைக் கொண்டு வந்தாள். ஆற்றில் உருண்ட கறுப்புக் கல், இரண்டு கை கொள்ளும். அதை அடுப்பில் போட்டுச் சுடவைத்து, இலையில் சுற்றி, அதன்மேல் துணியைச் சுற்றி, பிள்ளை பெற்றவளின் வயிற்றிலும் இடுப்பிலும் உள்ளங்காலிலும் வைத்து எடுப்பாள். துங்கு என்று அதற்குப் பெயர். நாற்பத்து நான்கு நாள் அப்படிச் செய்வது அவர்கள் வழக்கம். நம்மிலும் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீரும் காயமும் கொடுக்கிறோம்தானே என்று நான் சும்மா இருந்தேன். நாற்பத்து நாலாம் நாள் முடிந்தது. நாற்பத்தைந்தாம் நாள் காலையில் பார்த்தால், பூங்காவனமே எழுந்து போய் அடுப்பில் கல்லைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"முடிஞ்சிருச்சுலா. இன்னும் எதுக்கு?" என்றேன்.

"குளிர்து அக்கா. ரொம்ப."

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை கல். விறகு என்ன ஆகும் என்ற கவலை இல்லை. குழந்தையை ஒரு பக்கமும் கல்லை ஒரு பக்கமும் இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள். அவளுக்குப் பால் சுரக்கவே இல்லை. இந்திராவுக்கு, பெயரை நான்தான் வைத்தேன், டின் பாலைக் கரைத்து ஊற்றியது நான். மாதங்கள் போகப் போக அவள் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கழன்றது. தோல் வறண்டு பொருக்குத் தட்டியது. புருவம் உதிர்ந்தது. மாதவிலக்கு வரவே இல்லை. வெளிக்குப் போவதும் நாலு நாளைக்கு ஒரு முறை. குரல் கரகரத்துப்போய் ஆம்பளைக் குரலாயிற்று. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நான் ஒரு பாத்திரத்தைத் துலக்கிவிடுவேன்.

இதை எந்தத் தமிழச்சியிடம் வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள். முடி கொட்டுகிறதா? சூடு. தோல் வறளுகிறதா? சூடு. மலம் கட்டுகிறதா? சூடு. பால் வற்றியதா? சூடு, சந்தேகமே இல்லை. அப்புறம் குளிருகிறதே என்றால், காய்ச்சல்காரன் நடுங்கவில்லையா? உள்ளே கொதிப்பதால்தானே வெளியே நடுங்குகிறான். எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அந்தப் பாழும் கல்லைச் சுடவைத்துச் சுடவைத்து வயிற்றில் வைத்து, பாலையும் எரித்துக் கருப்பையையும் எரித்துவிட்டார்கள். உள்சூடு எலும்பில் ஏறிவிட்டது. செட்டிக் கம்பத்து வழக்கம் நம் வீட்டுக்கு எமனாக வந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது கல்லை எடுத்துக் கிணற்றில் போட்டேன். வந்து தேடினாள். "எங்க அக்கா?" என்றாள். கிணற்றைக் காட்டினேன். அழுவாள், சண்டைக்கு வருவாள், நாலு வார்த்தை கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகப் போய்க் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு சூடு எங்கே இருக்கிறதோ அங்கே அவள் இருப்பாள். காலையில் வாசல்படியில் விழும் வெயிலில் உட்கார்ந்து, வெயில் நகர நகரத் தானும் நகருவாள். பகலில் கொல்லைத் தகரச் சுவரில், நாம் கை வைத்தால் சுட்டுக்கொள்ளும் தகரத்தில், முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பாள். சேதுவின் சட்டையைத் தேய்த்து முடித்தபின் கரிப்பெட்டியைக் கால் இடுக்கில் வைத்துக்கொள்வாள். சோறு வடித்த பானையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு தடவை சாலைக்குத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இந்த மகாராணி அந்தத் தார் பீப்பாய்க்குப் பக்கத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு கையை நீட்டிக் காய்கிறாள்! சாலை வேலைக்காரர்கள் அவளைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துச் சேது தன் ஆபீஸ் கூட்டாளி மாணிக்கவாசகத்தோடு சைக்கிளில் வந்தான்.

"உன் வீட்டம்மாவுக்கு சீமைக்குப் போற ஆசை வந்திருச்சு போலலா," என்று மாணிக்கவாசகம் சிரித்தானாம்.

அன்றைக்குத்தான் சேது முதன்முதலில் அவள்மேல் கை நீட்டினான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவளுக்கு ஆயர் பத்து என்று பெயர் வைத்ததும் அந்த வாரம்தான். ஆயர் பத்து என்றால் ஐஸ் கட்டி. அவள் போனால் பின்னாலேயே கத்திக்கொண்டு போவார்கள். நான் ஒரு நாளும் அதட்டவில்லை.

சேது மோசமானவன் இல்லை. பயந்தவன். ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தவன் என்னிடம் கேட்டான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாமா அக்கா?"

"கூட்டிட்டுப் போ. பால் இல்ல, தூரம் இல்லன்னு சொன்ன உடனே வயித்தைக் கிழிச்சுக் கருப்பையை எடுத்துருவான். அப்புறம் உனக்கு ஆம்பளப் புள்ள வேணாம்தானே?"

அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தான். ஆஸ்பத்திரிப் பேச்சு அதோடு நின்றது. அப்படி ஆஸ்பத்திரியில் யாருக்கும் செய்ததாக எனக்குத் தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன்.

அதற்கு அப்புறம்தான் நான் குழந்தையை எடுத்துக்கொண்டேன். இந்திரா அம்மாவோடு தூங்குவாள். ஒரு விடியற்காலை எட்டிப் பார்த்தேன். பூங்காவனம் கெபாயாவின் ஊசியைக் கழற்றி, குழந்தையின் சட்டையையும் கழற்றி, அந்த வெற்று உடம்பைத் தன் வெற்று மார்போடு சேர்த்து, இரண்டு பேரையும் கோட்டால் மூடிக்கொண்டு கிடந்தாள். முகத்தில் அப்படியொரு சுகம். எனக்கு எரிந்தது.

"புள்ளையோட சூட்டை உறிஞ்சுறியா? பேயா நீ?" என்று கத்தி, குழந்தையைப் பிடுங்கிக்கொண்டேன். இவளோடு படுத்தால் குழந்தை மெலிந்துபோகும் என்று சேதுவிடம் சொன்னேன். குழந்தை மெலியவே இல்லை, நன்றாகக் கொழுகொழு என்றுதான் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து இந்திரா என் பாயில், கதவைச் சாத்திக்கொண்டு. கொஞ்ச நாள் அவள் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்தாள். குழந்தை உள்ளேயிருந்து "மாக், மாக்" என்று கதவைச் சுரண்டும். பிறகு அதுவும் பழகிவிட்டது.

ஐம்பத்தேழு ஜூலை. சுதந்திரத்துக்கு ஊரெல்லாம் மூங்கில் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். புக்கிட் பாருவிலிருந்து சுப்பையன் வைத்தியரை வரவழைத்தேன். எண்ணெய்ப் புட்டிகளைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வருவார். நான் விடாமல் அரை மணி நேரம் பேசினேன். அவர் அவள் நாடியைப் பிடித்தார்.

"நாடி ரொம்ப அடங்கிக் கெடக்கு," என்றார்.

"உள்சூடு அமுக்குது இல்லீங்களா?" என்றேன்.

"ஆமா ஆமா, உள்சூடுதான்," என்றார். நான் சொன்னதைத்தான் அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். அன்று அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவும் இல்லை. இருபத்தொரு நாள், சூரியன் வருவதற்கு முன்னால், கிணற்றுத் தண்ணீர் இருபத்தொரு குடம் தலையில் ஊற்ற வேண்டும். வெந்நீர் கூடாது, அடுப்படி கூடாது, சூடாக எதையும் சாப்பிடக் கூடாது. பழைய சோறு, இளநீர், தலைக்கு வெந்தயம் அரைத்த பூச்சு.

முதல் நாள் நாலு குடத்துக்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. பல் அடித்துக்கொண்டது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஈரத்தோடு நடந்து அடுப்படிக்குப் போனாள். நான் கதவில் நின்றேன்.

அந்த நேரம் சம்பந்தியம்மா வந்துவிட்டாள். மகளைப் பார்த்தாள், என் கையில் குடத்தைப் பார்த்தாள். மலாயிலும் தமிழிலும் கலந்து கத்தினாள். "சூடு இல்ல! இவளுக்கு ரத்தம் போச்சு, சூடு போச்சு! தண்ணி வேணாம். நான் வீட்டுக்குக் கூட்டிப் போறேன். எங்க வீட்ல நெருப்பு இருக்கு."

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க," என்றேன். "புள்ள இங்கதான் இருக்கும். அது சேது புள்ள."

பூங்காவனம் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் இடுப்பில் இந்திரா இருந்தாள்.

"இருபத்தொரு நாள்," என்று அவளிடம் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். "அழாம, நடுங்காம, இருபத்தொரு நாள் குளிச்சிட்டேன்னா உடம்பு சரியாயிரும். இருபத்தொண்ணாம் நாள் புள்ளைய உன் கையில கொடுத்துருவேன். உங்கம்மா முன்னாலயே சொல்றேன்."

சேது உள்ளே இருந்தான். வெளியே வரவில்லை. சம்பந்தியம்மா அவன் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். பூங்காவனம் கிணற்றடிக்குத் திரும்பிப்போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். மிச்சம் பதினேழு குடம் இருந்தது. அவள் அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். நான் ஊற்றினேன்.

அதற்கப்புறம் அவள் ஒரு நாளும் மறுக்கவில்லை. நான் எழுப்புவதற்கு முன்னாலேயே கிணற்றடியில் உட்கார்ந்திருப்பாள். சாரோங்கின் ஓரத்தில் ஒரு நாளைக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வாள். நடுங்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்காக இரண்டு கையையும் தொடை இடுக்கில் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உதட்டில் ரத்தம் வரும்; தண்ணீரோடு போய்விடும்.

ஒன்பதாம் நாள் ஊற்றி முடித்தபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கைகொடுத்துத் தூக்கும்போது அவள் கால் என் காலில் பட்டது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். கால் சில்லென்று இருந்தது. ஈரத்தால் இருக்கும் என்று துடைத்துவிட்டு, வெயில் வந்தபிறகு மறுபடி தொட்டேன். வயிற்றைத் தொட்டேன். அக்குளில் கை வைத்தேன். எங்கேயும் சூடு இல்லை. உள்சூடு உள்ளவளின் அக்குள் அப்படி இருக்காது. காய்ச்சலில் அம்மா கிடந்தபோது அவள் அக்குளில் கை வைத்தவள் நான், எனக்குத் தெரியும்.

தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வருடமாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இங்கே அப்படிச் சொல்லப்போவதில்லை. ஒன்பதாம் நாள் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நிறுத்தியிருந்தால் அந்தச் செட்டிக் கம்பத்துக் கிழவி சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்றாகும். கிணற்றில் போட்ட கல்லுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். குழந்தையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் விடியலில் குடத்தை எடுத்தேன்.

பதினெட்டாம் நாள் அவள் நடுங்கவில்லை. உதட்டைக் கடிக்கவும் இல்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் யார் தலையிலோ விழுவதுபோல இருந்தாள். எனக்கே ஆச்சரியம். ஒருவேளை நான் நினைத்ததுதான் சரியோ, உடம்பு தேறுகிறதோ என்று மனம் அலைபாய்ந்தது. அப்படி நம்ப எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொல்லி முடியாது.

பத்தொன்பதாம் நாள் பகலில் அவள் எழுந்து கோட்டைக் கழற்றினாள். ஒரு சாரோங்கை அவிழ்த்துப் போட்டாள். துண்டை எறிந்தாள். "பானஸ்," என்றாள். பானஸ் என்றால் சூடு. "பானஸ் அக்கா. சூடா இருக்கு."

நான் வாசலுக்கு ஓடிப்போய் அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். எதிர் வீட்டுக்காரியும் வந்தாள். "பாத்தீங்களா? கோட்டே வேணாங்குறா! ஒன்றரை வருசச் சீக்கு, பத்தொம்பது நாள்ல ஓடிப் போச்சு!" என்றேன். அவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். சாயங்காலம் சேது வந்து, அவள் வெறும் கெபாயாவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினான்.

"நீ இல்லாட்டி நாங்க என்ன ஆவோம் அக்கா," என்றான்.

பூங்காவனம் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். பேச்சு குழறியது. "இந்திரா," என்றாள். "புள்ள தா அக்கா. நான் நடுங்கல."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு," என்றேன்.

நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கீழே விழுந்தது. கொடுத்திருக்கலாம். அந்த ஒரு சாயங்காலம் கொடுத்திருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? ஒன்றும் குறைந்திருக்காது. எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

இருபதாம் நாள் விடியலில் அவள் கிணற்றடியில் இல்லை. பாயில் கிடந்தாள். கூப்பிட்டேன், உலுக்கினேன். கண் பாதி திறந்திருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று வந்தது. சேது ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் பார்த்தார். அவர் வெப்பமானியை அவள் அக்குளில் வைத்தார், எடுத்துப் பார்த்தார், உதறிவிட்டு மறுபடி வைத்தார். வேறொன்றைக் கொண்டுவரச் சொல்லி அதையும் வைத்தார். பாதரசம் அடியைவிட்டு ஏறவில்லை. பிள்ளைப்பேறு எப்படி இருந்தது, பால் இருந்ததா, முடி எப்போது கொட்டியது என்று கேட்டார். சேது சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது.

"பிள்ளைப்பேற்றில நிறைய ரத்தம் போனா மண்டைக்குள்ள ஒரு சுரப்பி செத்துப் போகும், உடம்பில சூடே ஊறாது. குளிர் முத்தினா கடைசியில சூடா இருக்கெண்டு உடுப்பையும் கழட்டுவினம்," என்றார். "அதுக்கு மாத்திரை இருக்கு. இந்த ஆஸ்பத்திரியிலயே இருக்கு. ஒவ்வொரு நாளும் போட்டா வீட்டு வேலை எல்லாம் செய்துகொண்டு கிழவியாகும்வரைக்கும் இருப்பா. ஏன் முந்தியே கொண்டு வரேல்ல? குளிருதெண்டு அவ ஒரு நாளும் சொல்லேல்லையோ?"

சேது என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். கம்பளியும் வெந்நீர்ப் பைகளுமாக அவளைச் சுற்றி அடுக்கினார்கள், ஊசி போட்டார்கள். பகல் இரண்டு மணிக்கு அவள் போய்விட்டாள். அந்த அறையில் ஜன்னல் வழியாக வந்த வெயில் எனக்கு முதுகைச் சுட்டது.

மறுநாள் காலையில் எடுப்பதாக ஏற்பாடு. செட்டிக் கம்பமே எங்கள் வாசலில் வந்து நின்றது. பிணத்தைக் குளிப்பாட்டக் கொல்லையில் பலகை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். சம்பந்தியம்மா நேராக விறகுக் குவியலுக்குப் போனாள். மூன்று கல்லைக் கூட்டி, பெரிய அண்டாவை வைத்து, கிணற்றிலிருந்து அவளே இறைத்து ஊற்றி, அடியில் தீ மூட்டினாள்.

"செத்த உடம்புக்கு எதுக்குலா வெந்நீரு? பச்சைத் தண்ணியே போதுமே," என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

சம்பந்தியம்மா விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் ஆவி விட்டதும் முழங்கையைத் தோய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவினாள். மறுபடி தோய்த்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, கூட்டத்தில் பின்னால் குழந்தையோடு நின்றிருந்த என்னிடம் வந்து, செம்பை நீட்டினாள்.

"நீ ஊத்து," என்றாள். "உன் கைதான் அவளுக்குப் பழக்கம்."

சேதுவைப் பார்த்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்திராவை அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுச் செம்பை வாங்கினேன். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அண்டாவில் மொண்டு அவள் தலையில் ஊற்றினேன். சாரோங்கை விலக்கியபோது அதன் ஓரத்தில் பத்தொன்பது முடிச்சு இருந்தது. சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகளின் கால்விரல்களை ஒவ்வொன்றாக வெந்நீரில் தேய்த்துவிட்டாள். நான் நிறுத்தினால் நிமிர்ந்து பார்ப்பாள். அண்டா காலியாகும்வரை ஊற்றினேன்.

பிறகு சம்பந்தியம்மா தன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னைக்கு இருபத்தொண்ணாம் நாள்," என்றாள். "என் முன்னால சொன்ன. புள்ளைய எடுத்துக் கொடு."

அடுத்த வீட்டுக்காரி குழந்தையை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். இந்திரா என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. அது எனக்குப் பழகிய குழந்தை. என் பாயில் தூங்கிய குழந்தை. ஒன்றரை வருடம் பால் கரைத்து ஊற்றியவள் நான். இவளிடம் கொடுத்தால் அது மலாய் பேசிக்கொண்டு வளரும், என்னை யார் என்று கேட்கும். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"கொடுத்துடுக்கா," என்றான் சேது.

கொடுத்தேன்.